பதினோரு நிமிடம் நாற்பது விநாடி

செப்டம்பர் 17, புதன்.

இன்றைய தவறு: இன்று செய்தது அல்ல, இன்று புரிந்தது. நான்கு மாதத்துக்கு முன் எடுத்த ஒரு காட்சியின் நடுவில் ஜூம் பொத்தானைத் தொட்டிருக்கிறேன். தேவையே இல்லாத இடம். தொட்டது எனக்கே நினைவில்லை.

வீடியோ எடுக்கப் பழகும் மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே சார் ஆளுக்கொரு நோட்டு வாங்கச் சொன்னார். என்ன எடுத்தோம், எங்கே சொதப்பினோம், மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வர வேண்டும். வகுப்பில் பதினெட்டுப் பேர். விடாமல் எழுதுகிறவள் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பகலில் நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். பெயர், எண், நேரம் எழுதாமல் எதையும் கீழே வைக்கக் கை வராது.

அந்தக் காட்சியைப் பற்றி மட்டும் இந்த நோட்டில் எதுவும் எழுதவில்லை. விட்டுப்போனதை இன்று எழுதிவிடுகிறேன். வரிசையாக எழுதினால்தான் தவறு எங்கே என்று தெரியும்.

கேமரா வாங்கியதிலிருந்து தொடங்குகிறேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருந்த எண்ணைத் தட்டித் தட்டிக் காட்டினார். அது டிஜிட்டல் ஜூம், புள்ளிகளைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வேலை செய்யாது, லென்ஸின் சொந்த ஜூம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு வேறு பெட்டியை எடுத்தார்.

"விவரமாத்தான் வந்திருக்கீங்க. கல்யாணத்துக்கா, குழந்தைக்கா?"

அப்பாவுக்கு என்றேன்.

எனக்குத் தேவையானவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மங்கிய வெளிச்சத்தில் முகம் தெரிய வேண்டும். மின்சாரத்தில் செருகிவிட்டால் நிற்காமல் ஓட வேண்டும். பதிவாகும்போது முன்னால் எரியும் சிவப்பு விளக்கை அணைத்து வைக்க முடிய வேண்டும். கடைசியாகச் சொன்னது எல்லாக் கேமராவிலும் இல்லை. கடைக்காரர் மெனுவுக்குள் போய் அணைத்துக் காட்டினார். குழந்தைகள் அந்த விளக்கையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும், அதற்காகத்தான் இந்த வசதி என்றார். வேறு எதற்காவது ஆகுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்றரை வயதுப் பாப்பா, நான். அப்பாவுக்கு நுரையீரல் பாதி வேலை செய்யவில்லை. படுக்கைதான். மூச்சு முட்டினால் இன்ஹேலரை இரண்டு முறை அழுத்த வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் நெபுலைசர் முகமூடியை மாட்ட வேண்டும். பாப்பா பிறக்கும்வரை அண்ணன் வேறு ஊரில் குடித்தனம் இருந்தான். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அப்பாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். நாடித் துடிப்பு, காய்ச்சல், மாத்திரை கொடுத்த நேரம் எல்லாம் மணிக்கு மணி எழுதிய ஏழு நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறியதில்லை.

அண்ணி வந்த பிறகு நோட்டு நின்றுபோனது. அவள் எதையும் எழுதுவதில்லை. கட்டில் கம்பியில் ஒரு கம்பியில்லா மணியை மாட்டினாள். அப்பா அதை அழுத்தினால் அண்ணியின் இடுப்பில் செருகியிருக்கும் சின்னப் பெட்டி ஒலிக்கும். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவாள். அவ்வளவுதான் அவளுடைய முறை. இது போதுமா என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

சார் அப்போது ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். ஒரே அறை, ஒரே கோணம், ஒரு வாரம். என்ன நடந்தாலும் எடுக்கிறவர் உள்ளே நுழையக் கூடாது. என் அறைக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு, திரைச்சீலை போட்டது. சீலையை ஒரு சாண் விலக்கி, அதன் பின்னால் கேமராவை முக்காலியில் நிறுத்தினேன். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

"என்னை வெச்சுப் படமா?" என்றார் அப்பா. "ஹீரோயின் யாரு?"

"வேற யாரு மாமா, நான்தான்" என்று அண்ணி தலையைக் கோதிக்கொண்டாள். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

வாரக் கடைசியில் பதினான்கு மணி நேரக் காட்சி சேர்ந்தது. முழுவதும் பார்த்தேன். ஓட்டிவிட்டுப் பார்க்கவில்லை. அண்ணி படுக்கை மாற்றுகிறாள், சோறு ஊட்டுகிறாள், பாப்பாவைக் கட்டிலில் ஏற்றி அப்பாவின் நகத்துக்குச் சாயம் பூச விடுகிறாள். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமைப் பதிவில், நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில், அப்பா அவளிடம் சொல்கிறார்:

"பொடிசு நல்ல பொண்ணுதாம்மா. ஆனா பக்கத்துல வந்தாலே ஆஸ்பத்திரியில கிடக்கிற மாதிரி இருக்கும். நீ வந்தப்புறம்தான் வீட்டுல இருக்கேன்."

பொடிசு நான்தான். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அது என்னைப் பாதிக்கவில்லை. கேமரா இருப்பது தெரிந்தே எல்லோரும் நடந்துகொள்கிறார்கள், அதனால் இந்தப் பதிவை நம்ப முடியாது என்றுதான் தோன்றியது. பயிற்சி முடிந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். கேமராவை எடுக்கவில்லை. சிவப்பு விளக்கை அணைத்தேன். இன்னொரு வாரம் ஓடியது. அண்ணியின் நடத்தையில் ஒரு வித்தியாசமும் இல்லை. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் நன்றாகவே பார்த்துக்கொண்டாள், பாட்டெல்லாம் பாடினாள்.

நல்ல வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும், வெளிச்சம் குறையும்போதுதான் அதன் தரம் தெரியும் என்று சார் சொல்லியிருந்தார். ஆளுக்கும் அது பொருந்தும் என்று நினைத்தேன். இந்த யோசனையில் தவறு இருந்திருக்கலாம். அப்போது சரியாகவே பட்டது.

மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பரிசோதனைக் கூடத்தில் மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு வாங்கினேன். என்னிடம் இருந்த சாவியால் வாசலைத் திறந்தேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். பாப்பா விளையாட்டுப் பள்ளியில். இரண்டு மணிக்கு அண்ணி துவைத்த துணிகளோடு மொட்டை மாடிக்கு ஏறியதைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன். ஈரத்துணியைக் காயப்போட்டு, காய்ந்ததை அங்கேயே உட்கார்ந்து மடித்து எடுத்து வர அவளுக்கு அரைமணி ஆகும். இரண்டு வாரப் பதிவிலும் அப்படித்தான். பெட்டி இடுப்பில் இருக்கும் தைரியம்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மணியின் வெள்ளை நிறம் சன்னல் வெளிச்சத்தில் பளீரென்று தெறித்து ஃப்ரேமின் ஓரத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதைக் கழற்றிக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினேன். மேசையில் இருந்த தண்ணீர்க் கூஜா அவர் முகத்தைப் பாதி மறைத்தது. மேசையை ஒரு கை நீளம் பின்னால் இழுத்தேன். இன்ஹேலர் மேசையின் மேல் இருந்தது. பிறகு சீலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு பதினொன்றுக்கு அவர் இருமலோடு விழித்தார்.

நான் காத்திருந்தது அண்ணிக்காக. அவள் மனசுக்கு ஏதாவது தட்டுப்பட்டு இறங்கி வருகிறாளா என்று பார்க்க நினைத்தேன். அவ்வளவு பாசம் என்றால் மணி இல்லாமலே வரவேண்டும் அல்லவா. மூன்று நிமிடம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். பிறகு ஐந்து என்று ஆனது. ஒரு கட்டத்தில் அவர் கண் திரைச்சீலையின் இடைவெளிக்கு வந்தது. அங்கேயே நின்றது. என்னைக் கூப்பிட்டார். நான்கு முறை. நான் எழுந்துவிட்டேன் என்றுதான் நினைவு. ஆனால் காட்சி ஆடவில்லை, அப்படியானால் எழவில்லை.

மொத்தம் பதினோரு நிமிடம் நாற்பது விநாடி. அதற்கு மேல் எடுக்க எதுவும் இல்லை. மணியைப் பழைய இடத்தில் மாட்டினேன், மேசையைத் தள்ளி வைத்தேன், கேமராவின் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு வாசலைப் பூட்டினேன். இரண்டு முப்பத்தைந்துக்கு அண்ணி துணிமூட்டையோடு கீழே வந்தாள் என்று பிறகு தெரிந்தது. நான் மூன்று மணிக்குக் கூடத்தில் இருந்தேன். அன்று சாயங்காலம்வரை அறுபத்திரண்டு குழாய்களுக்குச் சீட்டு ஒட்டினேன். ஒன்றுகூட மாறவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணனிடம் கார்டைக் கொடுத்தேன். கேமராவை எடுத்து வைக்க மறந்துபோனேன், அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது, பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை என்றேன். காட்சியில் நான் எதையும் வெட்டி ஒட்டவில்லை. அது நேர்மை ஆகாது. முன்னும் பின்னும் நான் நடமாடும் பகுதியை மட்டும் அகற்றிவிட்டேன். மின்விசிறி இரைச்சல் அதிகமாக இருந்ததால் ஒலியை நீக்கினேன். அப்பாவின் உதடு அசைவது தெரியும், யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாது. அவருடைய வலது கை ஃப்ரேமுக்கு வெளியே போய்த் துழாவுகிறது. மணியை அழுத்திக்கொண்டே இருக்கிறார் என்றுதான் அண்ணன் நினைத்தான்.

"மணி அடிக்கலைங்க" என்றாள் அண்ணி. "அடிச்சிருந்தா வராம இருப்பேனா?"

அண்ணன் அறைக்குள் போய் மணியை அழுத்தினான். அவள் அந்தப் பெட்டியை இன்னும் கழற்றாமல் இடுப்பிலேயே வைத்திருந்தாள். அது ஒலித்தது.

"இப்ப அடிக்குதே" என்றான்.

அவள் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றாள். இரண்டாவது முறை அழாமல் பார்த்தாள். நான்காவது நிமிடம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"கேமரா தானா ஓடுச்சுன்னா, மாமா முகம் எப்படி கிட்ட வருது?"

சில கேமரா அப்படித்தான் அண்ணி, அசைவு இருந்தால் தானாகவே கிட்டப் போகும் என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாகிறவர் மூச்சைப் பார்க்காமல் கேமராவைக் குறை சொல்கிறாளே என்று அண்ணன் கத்தினான். அன்று மாலையே அவளுடைய துணிப் பெட்டியை வாசலில் வைத்தான். பாப்பா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப விடவில்லை.

இன்று மாலை ஏழு இருபதுக்கு சார் ஜூம் பற்றி எடுத்தார். ஜூம் தானாக நகராது, நகர்ந்தால் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று அர்த்தம், பார்க்கிறவனுக்கு அது தெரியாமல் போகாது என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். வீட்டுக்கு வந்து காட்சியை ஓட்டிப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆறாவது விநாடி. மெதுவாக, அழகாகத்தான் போயிருக்கிறது. அவர் என்னைக் கூப்பிடத் தொடங்கிய இடம்.

ஆக, மணியை மாற்றி மாட்டியது நான். மேசையை இழுத்தது நான். பார்த்துக்கொண்டிருந்தது நான். இது என் கையெழுத்துதான். ஆனால் மாடியில் இருந்தவள் அவள், பார்த்துக்கொள்ள வேண்டியவளும் அவள்தான். பதினோரு நிமிடம் கொடுத்தேன், அது குறைவான நேரம் இல்லை. அண்ணனின் வக்கீலுக்குக் கொடுக்கும் பிரதியை ஐந்தாவது நிமிடத்திலிருந்து தொடங்கினால் ஜூம் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வீட்டில் இப்போது சத்தமே இல்லை. அண்ணன் வேலைக்குப் போவதைக் குறைத்துவிட்டான். உட்கார்ந்து அந்தக் காட்சியையே ஓட்டிக்கொண்டிருக்கிறான். குழந்தை தன்னிடம் வர வேண்டும் என்று அண்ணி வழக்குப் போட்டிருக்கிறாள். திங்கள்கிழமை விசாரணை. குழந்தை அம்மா இல்லாமலும் சந்தோஷமாக இருக்கிறது என்று காட்ட ஒரு வீடியோ இருந்தால் நல்லது என்று வக்கீல் கேட்டிருக்கிறார். மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். பொம்மை, பலூன், சோப்புக் குமிழி எதற்கும் பாப்பா முகம் மாறவில்லை. எடை குறைந்திருக்கிறது. பேச்சும் குறைந்துவிட்டது. எந்நேரமும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கவாட்டுக் கோணத்தில் அது சரியாக வருவதில்லை. என் வெளிச்சத்திலும் கோளாறு இருக்கலாம்.

நாளை செய்ய வேண்டியது: காலை ஒன்பது மணிக்கு, வாசலில் வெயில் விழும்போது, கேமராவைக் கதவுக்கு எதிரே பாப்பாவின் உயரத்தில் வைக்க வேண்டும். ஓடவிட்ட பிறகு, "அம்மா வந்துட்டாங்க பாரு" என்று சொல்ல வேண்டும். சிரிப்பு குறைந்தது பத்து விநாடி தேவை. கதவு திறப்பதற்கு முன் நிறுத்திவிட வேண்டும்.