பென்சிலில் போட்ட இரண்டு

நான் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவேன். மழையில் நனைந்தாலும் பென்சில் எழுத்து கரையாது. பேனாவைப் போலப் பாதி வேலையில் மக்கர் செய்யாது. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவளுக்கு இதில் ஒரு பிடிவாதம் இருப்பது இயல்புதான். நீங்கள் அந்தப் படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததைக் கவனித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். நான் எதையும் வரிசையாகச் சொல்கிறவள்.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் வாக்குமூலத்தை எழுதுகிற போலீஸ் பெண் என்னை முறைத்துக்கொண்டே இருக்கிறாள். என் வேலை அவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. குழந்தைகளுக்கு, குடும்பங்களுக்கு என்று யாராவது ஒரு திட்டம் தொடங்குவார்கள். அது நிஜமாகவே உதவுகிறதா, இல்லை வெறும் கூத்தா என்று அளந்து சொல்வது என் வேலை. இந்தத் திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வாரம் ஒருமுறை போவார்கள். பிள்ளையோடு விளையாடுவார்கள், தாயோடு பேசுவார்கள், கை நீட்டுகிற அப்பனிடம் தன்மையாகச் சொல்லிப் பார்ப்பார்கள். உதவி கேட்டு நூற்றிருபது குடும்பங்கள் வந்தன. சீட்டுக் குலுக்கி அறுபதை எடுத்தோம். அந்த அறுபதுக்கும் உடனே உதவி. மீதி அறுபது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கத்தையும் நான் அளப்பேன். வருடக் கடைசியில் இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் திட்டத்தின் பலன். அதுவரை காத்திருக்கிற வீட்டுக்கு எங்கள் ஆட்கள் யாரும் உதவிக்குப் போகக் கூடாது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும்.

இதைக் கொடுமை என்கிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் உதவ ஆள் இல்லாதபோது சீட்டுக் குலுக்குவதைவிட நியாயமான வழி எது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இதற்கு முந்தைய என் ஆய்வில் வித்தியாசமே வரவில்லை. மூன்று வருட உழைப்பு. அறிக்கையை நான் வாசித்து முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர், "கழுத தேஞ்சு கட்டெறும்பான கததான்" என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு எரிகிறது. இந்த முறை வித்தியாசம் வர வேண்டும் என்று விரும்பினேன். விரும்புவது குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கிற வீடு காத்திருந்த அறுபதில் ஒன்று. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தாய் வீட்டிலேயே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைப்பவள். கணவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். நான்கு வயதில் ஒரு பெண் பிள்ளை, வாய் ஓயாது. தாய் அதைச் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவாள். நான் தாய்க்கு அக்கா ஆனதால் அதற்குப் பெரியம்மா ஆனேன். முதல் தடவை போனபோதே என் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு படிவத்தை எட்டிப் பார்த்தது. "பெரியம்மா, எனக்கு எத்தன மார்க்கு?"

அளக்கிறவர் மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது. சிரித்து வைத்தேன்.

இருபத்தேழாவது கேள்வி: பிள்ளை சொல் கேட்காதபோது வீட்டில் என்ன செய்கிறீர்கள்? தாய் பட்டன் டப்பாவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். நான் இரண்டு என்று போட்டேன். ஐந்துக்கு இரண்டு.

மூன்று மாதம் கழித்தும் அதே இரண்டு. ஆறாவது மாதம் போனபோது கணக்கு மாறியிருந்தது. பிள்ளை உடம்பு தேறியிருந்தது. "இப்பல்லாம் அவரு கைய ஓங்கறதே இல்லக்கா. அந்தக்கா வந்து பேசினதுலேருந்து..." என்று சொல்லிவிட்டுத் தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய கறுப்புக் குடை சாய்ந்திருந்தது, பிடியில் சிவப்பு நூல் சுற்றி. எங்கள் ஆட்களில் ஒருத்திக்கு அந்தக் குடையால்தான் பெயரே. குடைக்காரி என்போம். விடுமுறை நாளில் இரகசியமாக இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள். மறந்து வைத்துவிட்டுப் போன குடை காட்டிக்கொடுத்துவிட்டது.

மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்தச் செய்தேன். அவள் கத்தவில்லை. "அது புள்ள, மேடம். உங்க படிவம் இல்ல" என்றாள். அறிக்கை நன்றாக வந்தால் ஆயிரம் வீட்டுக்கு உதவலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "ஆயிரம் வீடு அப்புறம் இருக்கட்டும். இந்த வீட்டுக்கு இனிமே யாரு போறது?" என்று கேட்டாள். இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு வீட்டைத் தாண்டிப் பார்க்கவே தெரியாது. எனக்கு அவளைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

தாயிடமும் தெளிவாகச் சொன்னேன். இனி அவளைக் கதவுக்குள் விட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், அடுத்த வருடமும் உதவி கிடைக்காது. அவள் தலையாட்டினாள். பயந்த பெண், சொன்னால் கேட்பாள்.

ஒன்பதாவது மாதம் இருபத்தேழாவது கேள்விக்கு மறுபடியும் இரண்டு. அதற்கடுத்த வாரம் தாய் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, திரும்பவும் ஆரம்பிச்சுட்டாருக்கா. யாரையாவது அனுப்புங்கக்கா." இன்னும் பதினோரு வாரம்தான், பொறுத்துக்கொள் என்றேன். நான் வார்த்தை தவறுகிறவள் இல்லை. பதினோரு வாரம் கழித்துக் கட்டாயம் ஆள் அனுப்பியிருப்பேன்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். அந்த முதல் இரண்டுக்குக் கீழே அழித்த தடம் இருக்கிறதென்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். சரிதான். முதலில் நான் போட்டது ஒன்று. ஒன்று என்றால் உயிருக்கு ஆபத்து. அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டு என்றால் வேண்டாம். தாய் அன்றைக்குச் சொன்னது இதுதான்: "கழுத்தப் புடிச்சுத் தண்ணி வாளியில முக்கிடுவாருக்கா. மூச்சு முட்டறவரைக்கும் விட மாட்டாரு." என்னிடம் மட்டும் சொன்னாள். படிவத்தில் இருப்பது வெளியே போகாது என்று நான் உறுதி கொடுத்திருந்தேன். குடைக்காரிக்கு அடி மட்டும்தான் தெரியும், வாளி தெரியாது.

சொல்லியிருந்தால் அதிகாரிகள் வந்திருப்பார்கள். முதல் மாதமே ஒரு வீடு கைவிட்டுப் போயிருக்கும். படிக்கட்டு இறங்கும்போதே அழித்துவிட்டேன்.

உதவி நுழைந்த வீட்டை ஆய்விலிருந்து நீக்க விதி இருக்கிறதே, ஆறாவது மாதமே நீக்கிவிட்டுக் குடைக்காரியைப் போக விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நீக்கினால் காரணம் எழுத வேண்டும். என் கண்காணிப்பில் அளவு கெட்டுப்போனது என்று என் கையாலேயே எழுத வேண்டும். முன்வரிசைக்காரர் அதையும் படித்திருப்பார்.

"பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறீங்க" என்று காலையில் சொன்னீர்கள். அது எனக்குப் பொருந்தாது. நான் கிள்ளவும் இல்லை, ஆட்டவும் இல்லை. அழுகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று மட்டும்தான் பார்த்தேன்.

கடைசி அளவுக்குப் போனபோது பிள்ளை இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கணவனை நீங்கள் கைது செய்து கொண்டுபோயிருந்தீர்கள். குளியலறை வாசலில் அந்த வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தாய் என்னைப் பார்த்து, "வாங்கக்கா" என்றாள், பழக்கதோஷம். பிள்ளை தற்போது வீட்டில் இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கு இல்லை என்று குறித்தேன். மற்றக் கேள்விகளைக் கேட்டு அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

அறிக்கை நன்றாக வந்திருக்கிறது. வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. அந்த வீட்டைக் கணக்கில் சேர்த்திருந்தால் இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும். ஆனால் குடும்பம் தொடர்ந்து பங்கேற்கவில்லை என்று எழுதி நான் அதை நீக்கிவிட்டேன். எனக்குச் சாதகமான ஓர் எண்ணை நானாகவே விட்டுக்கொடுத்திருக்கிறேன். என் நேர்மைக்கு அது ஒன்று போதும். உங்கள் பக்கத்துப் பெண்ணை அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், பேனாவிலேயே எழுதட்டும்.