ஈரலின் மௌனத்தைக் கேட்டவருக்கு எலிக்கூடத்தாரின் வணக்கம்

கொழுப்பின் கொடுமையைக் கூறுபோட்டுக் காட்டிய கூர்மதியீர்! முப்பதாண்டுக் காலம் எம்மைத் திட்டியும் தேற்றியும் வழிநடத்திய ஆய்வுக்கூடத் தலைவரே! பணி நிறைவு பெற்று விடைபெறும் உங்களை, ஆய்வு எலிகளை வளர்க்கும் எலிக்கூடத்துப் பணியாளர்களாகிய நாங்கள் எழுந்து நின்று வணங்குகிறோம்.

ஈரல் வீக்கம் என்றால் குடிப்பவர்களின் நோய் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒரு சொட்டும் குடிக்காத எலிகளைக் காட்டி அந்த எண்ணத்தை உடைத்தவர் நீங்கள். கெட்டிக் கொழுப்பு மிகுந்த தீவனத்தை நாள்தோறும் தின்றால், ஈரல் அதை வாங்கி வாங்கித் தனக்குள் அடுக்கிக்கொள்கிறது. இடம் தீர்ந்ததும் உயிரணுக்கள் உப்பித் துன்புறுகின்றன. அங்கேயே குடியிருக்கும் காவல் அணுக்களோ, காக்க வேண்டிய வீட்டையே பகைவன் வீடென்று எண்ணிக் கொளுத்தத் தொடங்குகின்றன. அந்த நேரத்திலும் எலி நிம்மதியாகத் தின்றுகொண்டுதான் இருக்கும். "ஈரல் கத்தாதுப்பா. அதான் எனக்குப் பயம்," என்பீர்கள்.

கொழுப்புத் தீவன எலிகளின் அறையில் தனியாக நிற்க இன்றும் எங்களில் பலருக்குத் துணிவில்லை. மற்ற அறைகளில் கீச்சென்ற சத்தமும் சக்கரம் சுற்றும் ஓசையும் இருக்கும். அங்கே எதுவும் இருக்காது. கூண்டுக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கில் சின்னச் சின்னக் கைத்தடங்கள். துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் இருக்கும். நீங்கள் நடைவழியில் வரும்போதே, கதவு திறக்கும் முன்பே, அத்தனை எலிகளும் பின்னங்கால்களில் எழுந்து கதவைப் பார்க்கும். தீவனம் போடும் எங்களுக்கு ஒருநாளும் அந்த மரியாதை கிடைத்ததில்லை. ஒருமுறை நீங்கள் அந்தத் தீவனத்தைக் கிள்ளி நாக்கில் வைத்து, "நல்லாத்தான்யா இருக்கு. பிரச்சனையே அதான்," என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். எலிகள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

கொழுப்பை நிறுத்தினால் எரியும் ஈரல் அடங்குமா என்பதே உங்கள் கடைசி ஆய்வு. எலிகளின் தீவனத்தை மாற்றிய அதே நாளில் நீங்களும் வெண்ணெயை ஒதுக்கினீர்கள், வறுத்ததை விட்டீர்கள். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை. போன வாரம் உங்கள் துணைவியார் எங்களைத் தேடி வந்தார்கள். "ஈரல் வீங்கியிருக்குன்னு டாக்டர் சொல்லி வருஷமாச்சு. மறுபடி ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டா, எலி ரிசல்ட் வரட்டும்னு உட்கார்ந்திருக்காரு. நீங்களாவது சொல்லுங்கப்பா," என்றார்கள். எலியை வைத்து மனிதனுக்குத் தீர்ப்பு எழுதிய எத்தனை மாணவரை நீங்கள் வறுத்தெடுத்திருப்பீர்கள்! உங்கள் விஷயத்தில் மட்டும் அது மறந்துபோனதே என்று எங்களுக்குக் கோபம்தான் வந்தது.

இன்று காலை அந்த எலிகளின் ஈரல்களைப் பார்த்தோம். நீங்கள் வரவில்லை, வீட்டில் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்களாம். முடிவை உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. பாதி எலிகளின் ஈரல் அடங்கியிருந்தது. மீதிப் பாதியில் தீ இன்னும் எரிகிறது. ஒரே வயிற்றில் பிறந்தவை, ஒரே தீவனம் தின்றவை. ஏன் இப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அறுப்பதற்கு முன், எவை தேறியிருக்கும் என்று ஆளுக்குச் சிலவற்றைக் கைகாட்டினோம். இளைத்த உடம்பு, தெளிந்த கண், பளபளத்த முடி, இவற்றை வைத்துத்தான் சொன்னோம். ஒருவர் கணிப்பும் சரியாகப் பலிக்கவில்லை. பல நாள் ஓடாதிருந்த சக்கரத்தில் ஏறி உற்சாகமாய்ச் சுற்றிய எலி ஒன்று இருந்தது. எல்லாரும் அதைத்தான் முதலில் காட்டினோம். இருப்பதிலேயே மோசமான ஈரல் அதனுடையது.

ஐயா, நீங்களும் இளைத்திருக்கிறீர்கள். முகம் தெளிந்திருக்கிறது. இரண்டு மாதமாக ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி படி ஏறுகிறீர்கள். பார்க்கப் பார்க்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

இந்த விழா அரங்கின் இரண்டாம் வரிசையில் உங்கள் துணைவியாருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஸ்கேன் மருத்துவர். அவருடைய அறை இன்று உங்களுக்காகத் திறந்திருக்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது. நூறாண்டு நோயின்றி வாழ்க என்று இவ்விடத்தில் வாழ்த்தி முடிப்பதுதான் முறை. அந்த வாழ்த்தை நாங்கள் ஸ்கேன் அறை வாசலில் நின்று சொல்கிறோம். எழுந்து வாருங்கள்.

உங்களுக்கு முன்பே அங்கே வந்து நிற்கப்போகும்
எலிக்கூடத்துப் பணியாளர்கள்