கண்ணாடிக்கு நடுவே பனி

ஜன்னல் துடைப்பதற்கு வெயில் நாள் ஆகாது. துடைத்து முடிப்பதற்குள் சோப்புத் தண்ணீர் காய்ந்து கோடு கோடாக நின்றுவிடும். மேகம் மூடிய நாளாகப் பார்த்து, வினிகரும் பழைய நாளிதழும் எடுத்துக்கொண்டால் ஒரு வீட்டை ஒரு காலையில் முடித்துவிடலாம். முப்பத்தெட்டு வருஷமாக இதை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். கேட்டு நடந்தவர்கள் ஐந்து பேர் இருந்தால் அதிகம். இதையும் நீங்கள் எழுதிக்கொள்வது தெரிகிறது, கான்ஸ்டபிள் பெல்ரோஸ். எழுதுங்கள், உங்கள் வீட்டுக்காவது உபயோகப்படும்.

என் பெயர் ஹால்டோர். ஸ்டெய்ன்விக்கில் ஹால்லி என்றால்தான் தெரியும். ஏரிக்கரையில் நூற்று நாற்பது வீடு இருக்கிறது, அதில் நூறு வீட்டுக்கு ஜன்னல் போட்டவன் நான். மற்ற நாற்பது வீட்டுக்காரர்கள் குளிரில் நடுங்குகிறார்கள், அது அவர்கள் பாடு.

நீங்கள் கொட்டகையில் பார்த்த பழைய கண்ணாடிகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முதலில் ஜன்னல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் குளிரைத் தடுப்பது நடுவில் அடைபட்டிருக்கும் காற்று. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரமாக ஒரு அலுமினியப் பட்டை ஓடும், அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும். சுற்றிலும் உள்ள சீல் விட்டுப்போனால் ஈரம் உள்ளே போகும், மணிகள் நிரம்பும், பிறகு கண்ணாடிக்கு நடுவிலேயே பனி படியும். எந்தப் பக்கம் துடைத்தாலும் அது போகாது. பாதிப் பேர் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். வேறு பழுது ஒன்றுமில்லை, கண்ணாடியை மட்டும் அளவெடுத்து மாற்றினால் போதும்.

வீடு அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் விட்டுப்போனது. நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை ரூனாவும் செய்துகொள்ளவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள், நான் ஜன்னல் போட்டேன். அவள் சமைப்பாள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு அக்டோபரிலும் எல்லாக் கீலுக்கும் எண்ணெய் விட்டு, ரப்பர் பட்டையைச் சோதித்து, சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடுவேன். ஒரு சண்டை கிடையாது. இருபத்தாறு வருஷம் அப்படிப் போயிற்று. அது குறைவான சந்தோஷம் என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

ஒரெஸ்ட் ஹவ்ரிலுக்கை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். மனைவியை இழந்தவன், டாஃபின் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு மரவீடு வாங்கினான். அவனுக்கு ஜன்னல் போடப் போனபோது ரூனா செய்த பிளம் கேக்கில் ஒரு துண்டு கொண்டுபோனேன். அவன் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். பிறகு தட்டில்லாமலே வந்தான். கடையில் நாலு பேர் நடுவில் என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தான், ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒருநாள் மீன் பொரித்துக்கொண்டே ரூனா சொன்னாள். "கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன் அண்ணா."

"அறுபத்தொரு வயசுலயா?"

"அறுபத்திரண்டுல பண்ணா மட்டும் என்னத்த அழகா இருக்கப் போவுது?"

அவளுக்குப் பேசத் தெரியும். நான் மீனைச் சாப்பிட்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு விஷயம் நடந்தது, இரண்டிலும் என் கை இல்லை. கிளினிக்கில் ரூனாவின் கண்ணைப் பார்த்த டாக்டர், இடது கண்ணில் புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது என்றார். அதே மாதம் அவள் படுக்கையறை ஜன்னலின் சீல் தானாக விட்டுப்போனது. காலையில் வந்து, "ஏரி மங்கலா தெரியுது அண்ணா, கண்ணாடிய நல்லாத் துடைச்சுட்டேன்," என்றாள்.

சீல் போயிருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு. "எனக்குத் தெளிவாத்தானே தெரியுது," என்றேன்.

அவள் கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு வலது கண்ணை. ஊரெல்லாம் ஜன்னல் போடுகிறவன் வீட்டில் ஜன்னல் கெட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது என் வேலைமேல் அவளுக்கிருந்த மரியாதை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு நான் மற்ற ஜன்னல்களுக்குக் கொஞ்சம் உதவி செய்தேன். மெல்லிய துளைப்பானால் ஓரத்தில் ஒரு துளை, ஊசியால் சில சொட்டுத் தண்ணீர். பனியை எடுப்பதற்கும் இதே துளைதான் போடுவோம், அதனால் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை. அவசரப்படவில்லை. பதினாலு மாதத்தில் பதினோரு ஜன்னல். அவள் அதிகம் உட்காராத அறைகளில் ஆரம்பித்து, சமையலறை ஜன்னலைக் கடைசிக்கு வைத்தேன். வெளியே போனால் தெளிவாகத் தெரிந்துவிடுமே என்று கேட்பீர்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி, அது இல்லாவிட்டால் நீட்டிய கை தெரியாது. கீறல் எடுக்கும் பசை என்னிடம் இருந்தது, அதில் கரடுமுரடான ரகம் கீறல் போடும். வாரத்துக்கு ஒருமுறை, அவள் குளிக்கும் நேரத்தில், விரல் நுனியால் அதன்மேல் இரண்டு சுற்று.

வந்துபோகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ரூனாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, பார்வை, ஜன்னல், ஏரி என்று எதைப் பேசினாலும் மனசு நொந்துவிடுகிறாள் என்று. எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். பனி படிந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காப்பி குடித்துவிட்டு, தபால் ஆபீஸைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். ஒரெஸ்ட் வந்தால் வாசலோடு நிறுத்திவிடுவேன்.

அவள் தினமும் துடைப்பாள். ஒவ்வொரு ஜன்னலாக, உள்ளே ஒருமுறை, வெளியே போய் ஒருமுறை. துணி காய்ந்தே இருக்கும். அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எனக்கு இரக்கமில்லை என்று எழுதிவிடாதீர்கள், பல நாள் அந்த வேலையை அவள் கையிலிருந்து வாங்கி நானே செய்திருக்கிறேன்.

கார் ஓட்டும் லைசென்ஸைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. ஒரெஸ்டிடம், குருட்டுக் கிழவியைக் கட்டிக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று சொல்லிக் கல்யாணத்தையும் தள்ளிவைத்தாள். மூன்று மாதம் வீடு பழையபடி இருந்தது. நான் ஏரிச் செய்திகளைப் படித்துக் காட்டுவேன், வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்த்துச் சொல்வேன். அவளுக்கு நான் தேவைப்பட்டேன். அந்தக் குளிர்காலம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் ஒரெஸ்ட் விடுகிற ஆளில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் ஐஸ்மேல் போகும் பாதையை நாங்கள் வெட்டிவந்த சின்ன ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களை நட்டு அடையாளம் வைப்போம், நூறு நூற்றைம்பது அடிக்கு ஒன்று. அவன் எங்கள் படித்துறையிலிருந்து தன் வாசல் வரைக்கும் இருபது அடிக்கு ஒன்று நட்டான். கடையில் என்னிடம் சொன்னான்: "கண்ணு தெரியலேன்னா என்ன மச்சான், மரத்தத் தொட்டுக்கிட்டே வரட்டும்." ரூனா புதன்கிழமை தோறும் கேக்கை எடுத்துக்கொண்டு அந்த மரங்களைத் தொட்டுத் தொட்டு நடந்துபோனாள். திரும்பி வரும்போது முகம் சிவந்திருக்கும்.

மார்ச் பத்தாம் தேதி, வின்னிபெக்கில் பெரிய கண் டாக்டரிடம் ஒரெஸ்ட் நாள் வாங்கிவிட்டான். இருபதாம் தேதி, வியாழக்கிழமை. ரூனா அதை என்னிடம் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்கு அண்ணா. ஆனா தெரிஞ்சுட்டாத் தேவலாம்," என்றாள்.

எனக்கும் பயமாக இருந்தது. டாக்டர் உன் கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லிப் புது மூக்குக்கண்ணாடி போட்டு அனுப்பினால், அவள் திரும்பி வந்து பார்க்கும் முதல் பொருள் என் ஜன்னலாக இருக்கும்.

அதனால்தான் மறுநாளே தொழிற்சாலையில் பன்னிரண்டு கண்ணாடிக்கு அளவு கொடுத்தேன். நீங்கள் புதுக் கண்ணாடிப் பட்டையில் அச்சடித்த ஆர்டர் தேதியைப் பார்த்துவிட்டு, நான் சொன்னபடி தங்கை செத்த துக்கத்தில் மாற்றியது என்றால் எட்டு நாள் முன்பே எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இந்த ஊரில் அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தக் கண்ணாடி கடையில் தொங்குகிற சட்டையில்லை, அளவு கொடுத்தால் செய்து வர நாளாகும். இருபத்தொன்றாம் தேதி வரும் என்றார்கள். இரண்டு நாள் முன்னால் தரச் சொல்லிக் கெஞ்சினேன், அவர்களிடமே கேளுங்கள். முடியாது என்றார்கள். அவள் புதுக் கண்ணோடு வரும்போது புது ஜன்னல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட அண்ணன் நான். ஒரே ஒரு நாள் பிந்திவிட்டது. வேலைக்கு மதிப்புத் தெரியாதவர்கள். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முந்தித் தர ஒத்துக்கொண்டிருந்தால் என் தங்கை இன்றைக்கு உயிரோடு இருப்பாள்.

பத்தொன்பதாம் தேதி காலையில் ஒரெஸ்ட் போன் செய்தான். ரூனா கொல்லைப்புறத்தில் பறவைகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மச்சான், ஓடை வந்து சேர்ற இடத்துல ஐஸ் கருத்துப் போச்சு. ஏழாவது மரம் சாஞ்சு நிக்குது. ரூனாவ நடந்து வரவேணாம்னு சொல்லிடு. மத்தியானம் நான் ரோட்டச் சுத்தி வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி, சொல்றேன்," என்றேன்.

சொல்வதாகத்தான் இருந்தேன். அவள் உள்ளே வந்தாள், கேக்கைத் துணியில் சுற்றினாள், பூட்ஸை மாட்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் ஐஸ்மேல் கால் வைப்பதற்கு முன் சமையலறை ஜன்னலில் நின்று ஏரியைப் பார்க்காதவர்கள் கிடையாது. வெள்ளையாக இருந்தால் தாங்கும், சாம்பலாக இருந்தால் காத்திருக்க வேண்டும், கறுப்பென்றால் தண்ணீர். நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியும். ரூனாவும் பழக்கத்தில் ஜன்னலருகே வந்து நின்றாள். கண்ணாடியை முழங்கையால் ஒருமுறை துடைத்தாள்.

"ஐஸ் எப்படி இருக்கு அண்ணா?"

நான் அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். "வெள்ளையா இருக்கு ரூனா."

"நாளைக்கு இந்நேரம் நானே பாத்துச் சொல்வேன் பாரு," என்றாள். என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்தக் கண்ணாடி வழியாக எனக்கு எதுவும் தெரியவில்லை. அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கைப்பிடி ஒரு விரலுக்குத் திரும்பியது, கீலில் சத்தமே இல்லை. அவள் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுவிட்டுப் போனாள். ஆறாவது மரத்தில் நின்று திரும்பி எங்கள் வீட்டுப் பக்கம் கையசைத்தாள். நான் நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்காது, ஒரு குத்துமதிப்பில்தான் அசைத்திருப்பாள். நானும் கையசைத்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். பிறகு குளிர்காற்று உள்ளே வந்துகொண்டிருந்ததால் ஜன்னலைச் சாத்தினேன்.

கண்ணாடி வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். கேக் சுற்றியிருந்த துணி ஏழாவது மரத்துக்குப் பக்கத்தில் உடைந்த ஐஸ் விளிம்பில் கிடந்ததுகூட சமையலறையிலிருந்தே தெரிந்தது, அவ்வளவு சுத்தமான வேலை.

மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் நான் சொன்னபடியே எழுதுங்கள். என் தங்கையிடம் நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஏரி வெள்ளையாகத்தான் இருந்தது.