இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?

— பென்ஷனுக்கு வரியை அவங்களே பிடிச்சுக்கறாங்க, அதனால கணக்குத் தாக்கல் பண்ண வேண்டியதில்லைன்னு நீங்க இருந்தது தப்பில்ல ஐயா. இத்தனை வருஷம் அது சரிதான். ஆனா இப்ப உங்க கைக்கு ஒரு வீடு வந்திருக்கே.

— அதாவது, நானா போய்க் கேட்டு வாங்கலையேம்மா. அவங்களா எழுதி வெச்சுட்டுப் போயிட்டாங்க.

— கேட்டுக்கோம்மா ஆடிட்டர். வீடு தானா நடந்து வந்து இவர் மடியில உக்காந்துடுச்சாம்! காலம் பூரா இந்த ஊர்ல தண்ணி மீட்டர் ரீடிங் எடுத்தவர். எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பார்! வேற யாராவது ஒரு குழாயாவது எழுதி வெச்சாங்களா? இவ ஒருத்தி மட்டும் மாடியும் கீழுமா ஒரு முழு வீட்டை எழுதி வெச்சுட்டுப் போயிருக்கா.

— மரியாதையாப் பேசு. செத்துப் போனவங்க.

— பாத்தியா, எப்படி ரோஷம் வருதுன்னு!

— அம்மா, தண்ணி குடிங்க. இங்க சண்டை போட்டா அதுக்கும் சேத்துதான் ஃபீஸ் வாங்குவேன். ஐயா, பயப்படாதீங்க. மாடியில ஒரு குடித்தனம் இருக்குன்னு சொன்னீங்கல்ல? அவங்க இறந்த நாள்லேருந்து வர்ற வாடகை உங்க வருமானம். அதையும் பென்ஷனையும் சேத்துக் காட்டணும். அதுக்கு முன்னாடி வந்த வாடகை இறந்தவங்க வருமானம். அவங்க பேர்ல கடைசியா ஒரு கணக்கு தாக்கல் பண்ணணும். அதுல கையெழுத்து நீங்கதான்.

— செத்தவங்களுக்குமா கணக்கு?

— அவங்க எழுந்து வந்து கையெழுத்துப் போட முடியாதே ஐயா. வீடு யாருக்கோ, அவங்கதான் போடணும்.

— அதாவது, அவங்க சார்பா நான். சரி. போடறேன். சந்தோஷமாப் போடறேன்.

— சந்தோஷமாவாம்! எனக்கு ஒரு பேங்க் ஃபார்ம்ல சாட்சிக் கையெழுத்துப் போட இவர் மூணு நாள் இழுத்தார்மா.

— அம்மா, நீங்களும் ஒரு தடவை இந்தப் பேப்பரை எல்லாம் பாத்துடுங்க. நாளைக்கு எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது.

— எங்க பாக்கறது? காலையிலேருந்து என் கண்ணாடியைக் காணோம். அலமாரி, ஃபிரிட்ஜ் மேல, பாத்ரூம் எல்லாம் தேடிட்டேன். இந்த மனுஷன் நேரமாச்சு நேரமாச்சுன்னு இழுத்துட்டு வந்துட்டார். நீயே படிச்சு சொல்லிடு.

— படிக்கவெல்லாம் வேண்டாம்மா. அதாவது, வேலையைப் பாப்போம்.

— ஏசி ஜாஸ்தியா இருக்காம்மா? ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கறீங்களே.

— இருக்கட்டும், அதான் ஸ்வெட்டர் இருக்கே. இவரோட டிபார்ட்மென்ட்ல வீட்டம்மாவுக்குன்னு குடுத்தது. ரிடையரான பிறகும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒண்ணு குடுத்துடறாங்க. மத்த விஷயத்துல அவங்களை நான் திட்டாத நாளில்ல, இதுல மட்டும் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஆறு வயசுல மாடிப்படியில விழுந்து இந்த இடது கை உடைஞ்சுடுச்சு. கட்டு சரியாப் போடல, கை கொஞ்சம் குட்டையாவே நின்னுடுச்சு. கடையில வாங்கினா இந்தக் கைக்கு மட்டும் விரல் வரைக்கும் தொங்கும். இதைப் பாரு, மணிக்கட்டுல கச்சிதமா நிக்குது.

— நல்லாருக்கும்மா. பின்னல் ரொம்ப நேர்த்தி.

— அதெல்லாம் அப்புறம் பேசலாம். வரி எவ்வளவு ஆகும்மா? வாடகைக்கு மட்டும்தானே?

— அங்கதான் ஐயா விஷயம். இப்ப வந்திருக்கற புதுச் சட்டப்படி, இறந்தவங்க உறவுன்னா வீட்டுக்கு வரியே கிடையாது, வாடகைக்கு மட்டும்தான். உறவு இல்லைன்னா வீட்டோட முழு மதிப்பும் இந்த வருஷம் உங்களுக்கு வந்த வருமானம் மாதிரி. இந்த ஃபார்ம்ல எல்லாம் நிரப்பிட்டேன். 'இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு'ங்கற இடம்தான் காலியா இருக்கு.

— உறவு இல்லைன்னு போட்டுடுங்க.

— யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. பெரிய தொகை வரும்.

— யோசிச்சுட்டேன். கட்டிடறேன்.

— எதுலேருந்து கட்டுவீங்க? ஏங்க, எதுலேருந்து? நம்மகிட்ட இருக்கறது என் முட்டி ஆபரேஷனுக்கு வெச்ச பணம் ஒண்ணுதான்!

— வீட்டை வித்துக் கட்டலாம்.

— வரி கட்டின ரசீது இல்லாம வீடு உங்க பேருக்கு மாறாது ஐயா. மாறினாதான் விக்க முடியும். தாக்கல் பண்ண இந்த மாசக் கடைசிதான் கெடு.

— அப்ப என் முட்டியை வித்துத்தான் அவ வீட்டுக்கு வரி கட்டணும். படியில ஒவ்வொரு காலா வெச்சு நான் இறங்கறதைத் தினமும் பாக்கறீங்களே. உங்களுக்கு மனசே இல்லையா?

— இருக்கு. இருக்கறதாலதான் இப்படி மாட்டிட்டு முழிக்கறேன்.

— பயப்படாதீங்க, வழி இருக்கான்னு பாக்கலாம். சுத்தி வளைச்சு ஏதாவது உறவு இருந்தாலும் போதும். உங்க அப்பா வழி, அம்மா வழி?

— இல்ல.

— மனைவி வழி உறவும் செல்லும் ஐயா. அம்மா, உங்க பக்கம் யாராவது?

— என் பக்கம் யாரு இருக்கா? அப்பா போய்ச் சேந்துட்டார். அத்தைதான் வளத்தாங்க, அவங்களும் இல்ல.

— உங்க அம்மா?

— எனக்கு அம்மா கிடையாது. ஏழு வயசுல விட்டுட்டுப் போனவளை அம்மான்னு சொல்ல முடியுமா? ஸ்கூல் விட்டு வந்தேன், வீடு பூட்டிக் கிடந்தது. அவ்வளவுதான். அவ பேச்சை எடுத்தா உங்களோட வாழ மாட்டேன்னு கல்யாணத்தப்பவே இவர்கிட்ட சொல்லிட்டேன். அந்த ஒரு விஷயத்துல மட்டும் இவர் நல்லவர், ஒரு நாள்கூட வாயைத் திறந்ததில்ல. ஏங்க, எதுக்கு இப்படி இருமறீங்க? தண்ணியைக் குடிங்க.

— ஒண்ணுமில்ல. தொண்டை.

— ஐயா, அப்ப இறந்தவங்க யாருதான்? எண்பத்தி மூணு வயசுன்னு டெத் சர்டிஃபிகேட்ல இருக்கு.

— எத்தனை? எண்பத்தி மூணா?

— ஆமாம்மா.

— ஐயோ கடவுளே! ஒரு மாசமா நான் தூங்கலையேம்மா. இவருக்கு அந்தக் காலத்துல ஏதோ தொடுப்புன்னு நினைச்சு வயிறெரிஞ்சு போய்க் கிடந்தேன். எண்பத்தி மூணு வயசுக் கிழவியா?

— சிரி. நல்லா சிரி. என்னைப் போய் அப்படி நினைச்சியே.

— வேற எப்படி நினைக்கறது? ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கப் போனீங்க, சரி. ரிடையராகிப் பத்து வருஷமாச்சு, அப்பவும் அதே கணக்கா பையை மாட்டிட்டுக் கிளம்பிடுவீங்க. எங்கன்னு கேட்டா பழைய ஆபீஸ் நண்பர்னு சொல்வீங்க. போன மாசம் நண்பர் செத்துட்டார்னு வந்து குழந்தை மாதிரி அழுதீங்க. நான்தான் தலையைத் தடவிப் படுக்க வெச்சேன். அந்த நண்பர் இந்தக் கிழவிதானா?

— ஆமா.

— அப்படி என்ன பாசம்?

— அவங்களுக்கு யாரும் இல்ல. நான் போனா ஒரு நாற்காலி போடுவாங்க, கேள்வி கேப்பாங்க. அதாவது, வீட்ல எப்படி இருக்காங்க, உடம்பு தேவலையா, இளைச்சிருக்காங்களா, கோபம் குறைஞ்சிருக்கா, இப்படித்தான். நான் சொல்லி முடிக்கறவரைக்கும் வாயே திறக்க மாட்டாங்க. முடிச்சதும் அவ்வளவுதானான்னு கேப்பாங்க.

— யாரைப் பத்தி? என்னைப் பத்தியா? முன்ன பின்ன தெரியாத கிழவிக்கு என் உடம்பு எதுக்கு?

— ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். பத்திரத்துல பாத்தேன், வீடு வாங்கும்போது அவங்க கொடுத்த விலாசம் வேற ஊர். அங்க பின்னலாடைக் கடை நடத்திட்டிருந்திருக்காங்க. ஓடற கடையை மூடிட்டு, தெரிஞ்சவங்க யாருமே இல்லாத இந்த ஊருக்கு எதுக்கு வந்தாங்க?

— நான் எந்தத் தெருவுல ரீடிங் எடுக்கறேன்னு விசாரிச்சு அந்தத் தெருவுல வாங்கினாங்கம்மா. அப்பதான் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நான் கண்டிப்பா வருவேன். கதவைத் தட்டினா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

— பின்னலாடைக் கடையா?

— ஆமா.

— ஏங்க, இந்த ஸ்வெட்டர் டிபார்ட்மென்ட்ல குடுத்ததுதானே?

— டிபார்ட்மென்ட்ல எனக்கு ஒரு டார்ச் குடுத்தாங்க. அதுவும் ரிடையராகும்போது திரும்ப வாங்கிட்டாங்க.

— அப்ப எல்லாமே அவ பின்னினதா? பச்சை, அந்தக் காப்பிக் கலர், இது எல்லாம்?

— எல்லாம்தான். கடைசியா ஒண்ணு ஊசியோட பாதியில நிக்குது. வீட்ல எடுத்து வெச்சிருக்கேன், உன்கிட்ட எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல.

— என் இடது கை குட்டைன்னு நீங்கதான் சொன்னீங்களா?

— நான் சொல்லல. எனக்கு எந்தக் கைன்னே ஞாபகம் இருக்காதுன்னு நீயே எத்தனை தடவை திட்டியிருக்கே. உயரம் சொன்னேன், பருமன் சொன்னேன். கை அளவை அவங்க கேக்கவே இல்ல.

— கேக்கவே இல்லையா?

— இல்ல. முதல் ஸ்வெட்டர்லயே அந்தக் கை சரியா இருந்துச்சு.

— அம்மா, என்ன ஆச்சு? ஐயா, அவங்களைப் பிடிச்சுக்கோங்க. ஏசியை நிறுத்திடறேன்.

— விடும்மா. எனக்கு ஒண்ணுமில்ல. ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொல்ல மாட்டேன்னு அவங்க கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். தெரிஞ்சா நீ என்னை அங்க போக விடமாட்டே, வர்ற சேதியும் நின்னுடும்னு பயந்தாங்க. வீட்டை உன் பேர்ல எழுதினா நீ கிழிச்சுப் போட்டுடுவேன்னு என் பேர்ல எழுதினாங்க. எனக்கும் பயம்தான். நீ போயிடுவியோன்னு பயம்.

— ஐயா, இதுக்காகவா வரியைக் கட்டிடறேன்னு சொன்னீங்க?

— வேற என்னம்மா பண்றது? இந்தப் பக்கம் இவ முட்டி, அந்தப் பக்கம் செத்தவங்களுக்குக் குடுத்த வாக்கு. இப்பவும் நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ படிக்கக் கூடாதுன்னு யாரும் என்கிட்ட வாக்கு வாங்கல. இந்தா.

— என் கண்ணாடி! உங்க சட்டைப் பையிலயா வெச்சிருந்தீங்க?

— காலையில நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். போட்டுக்கோ. சர்டிஃபிகேட்ல பேர் இருக்கு, நீயே படி.

— வேணாங்க, நீங்களே வெச்சுக்கோங்க. ஏம்மா, அந்த உறவுங்கற இடம் இன்னும் காலியாத்தானே இருக்கு? மனைவியோட அம்மான்னு எழுது.