கரையைக் காட்டலையே

ஹலோ... ஹலோ, அப்பாவு அண்ணாவா? செல்விதான். திருப்பதிலருந்து... ஆமா, ஆமா, சர்வே ஆபீஸ்லதான் நிக்கறேன். மோட்டார நிறுத்துண்ணா, ஒண்ணுமே கேக்கல!...

ஆங்... துன்னா இன்னா, துன்னாட்டி இன்னா! நம்ம கரை போவுதுண்ணா!...

நெலத்துக்கு ஒரு மேப்பு, தண்ணிக்கு ஒரு மேப்புன்னு இருந்துச்சில்ல, இப்ப ரெண்டையும் ஒட்டி ஒரே மேப்பா போட்டுட்டாங்க... ஆமா, ஏரில நாம மொறை வச்சி வலை போடற பாடு எல்லாம் நம்ம ஊர் பேர்லதான் கீது... ஐயோ, சந்தோஷப்படாத, முழுசா கேளு! படகு ஏத்தற எடம், வலை காயற எடம், கருவாடு போடற மணலு, அத்தினியும் 'காலி ஸ்தலம்'னு எழுதிக்கீறாங்க. எறா கம்பெனி குடோனுக்குன்னு கோடு போட்டாச்சு...

யாரு சொன்னாங்களா? நீதான்! சர்வேக்காரங்க வந்து 'உங்க எடத்த காட்டுங்க'ன்னா, படகுல ஏத்திக்கினு போயி பாடு பாடா தண்ணிய காட்டின. எறா கொழம்பு ஆக்கிப் போட்ட. கரைய காட்டினியா?...

ஆமா... ஆமாண்ணா, காலடியில கீற மணல யாரு எங்களுதுன்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே!...

அழல. அழல, கேளு. அஞ்சு மணிக்கு மேல மனு வாங்க மாட்டாங்க. நால்ர ஆச்சு. இங்க மனு வாங்கற சார் நல்ல மனுசன்தான். 'கரையில படகு நிக்கறத வீடியோ கால்ல காட்டும்மா, நான் எழுதறேன்'ங்கறாரு. காட்டு...

இன்னாது?... ஒரு படகு கூடவா கரையில இல்ல?... எல்லாரும் உன்னோட ஏரிலயா?... கடவுளே, நம்ம மொறை இன்னிக்கா வரணும்!... தெரியுதுண்ணா, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வர்ற பாடு, எவன் கரையில குந்துவான்... திருப்புண்ணா! உன் கால்ல விழறேன், நாலு படகாவது திருப்பு!... எதிர்காத்துல கரைக்கு வர ஒரு மணி நேரமா?...

செங்கம்மா அண்ணி கரையில கீதா, அதையாவது காட்டச் சொல்லு?... அதுவும் சந்தைக்குப் பூட்ச்சா...

இரு, இரு, சார் கூப்புடறாரு. வீடியோ போடு. தூரமா தெரிஞ்சாலும் பரவால்ல, அங்கருந்தே கரைப்பக்கம் திருப்பு... சார், அதோ சார், அந்த மணல்லதான் சார் எங்க படகெல்லாம்... இப்ப இல்ல சார்... சார், ஒக்க நிமிஷம் சார்... சார்!...

அண்ணா... எழுதிட்டாரு... 'காலி'ன்னுதான். அவரு கண்ணுக்கு மணலு மட்டும்தானே தெரிஞ்சுது...

வாணாம், இனிமே திரும்பி இன்னா பண்ணப்போற. வலைய போடு... போட்டுட்டு, அத்த இழுத்துக்கினு எந்தக் கரைக்கு வருவ? அத்த மட்டும் சொல்லு... அண்ணா?... அல்லோ?... அல்லோ...