பால்தான்

சொதிக்கு முற்றிய தேங்காய்தான் நல்லது, ஐயா. இளசாக இருந்தால் எவ்வளவு பிழிந்தாலும் தண்ணீர்தான் வரும். முதற்பாலைப் புறம்பாக வைத்துக்கொண்டு, இரண்டாம் பாலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் போட்டு அவியவிட்டு, இறக்குகிற நேரத்தில் முதற்பாலை விட வேண்டும். பழுகாமத்தில் என் சொதியைக் குறை சொன்ன ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அடுப்படியில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் பத்தினிப்பிள்ளை. செத்துப்போன நிலக்சி என் தங்கை சுலோஜனாவின் ஒரே பிள்ளை. சுலோஜனா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளுடைய புருஷன் சதீசன் கனடாவில். ஆகவே பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, நித்திரையாக்கி வளர்த்தது பெரியம்மா நான்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். நாங்கள் இருக்கும் வீட்டை அப்பா எனக்கென்றுதான் கட்டினார். எனக்குக் கல்யாணம் பொருந்தி வரவில்லை, தங்கைக்கு வந்தது. சீதனமாக நானே எழுதிக் கொடுத்தேன், யாரும் வற்புறுத்தவில்லை. அடுப்படி மட்டும் என்னிடம் இருந்தது.

பிள்ளைக்குக் கைக்குழந்தையிலிருந்தே உடம்பெல்லாம் தடிப்பு, இழுப்பு. பார்க்காத வைத்தியம் இல்லை. பிறகு நாட்டில் பால்மா கிடைக்காமல் போன காலம் வந்ததே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வேறு வழியில்லாமல் நான் கஞ்சி, பாயசம், எல்லாவற்றையும் தேங்காய்ப்பாலில் செய்தேன். கொஞ்ச நாளில் பிள்ளையின் தோல் தெளிந்துவிட்டது. இழுப்பும் நின்றது. டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மாட்டுப்பாலோ எருமைப்பாலோ இந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, தயிரும் நெய்யும்கூட வாயில் படக்கூடாது, பட்டால் ஒருநாள் மூச்சே அடைத்துவிடும் என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல நான் வரவில்லை.

எங்கள் அடுப்படிகளில் வெறுமனே பால் என்றால் அது தேங்காய்ப்பால்தான். மாட்டினுடையதைப் பசுப்பால் என்போம், பைக்கற்றில் வருவது பால்மா. சுலோஜனா பள்ளிக்கூடத்தால் வந்ததும் சட்டியைத் திறந்து பார்ப்பாள்.

"அக்கா, பால்தானே விட்டீங்க?"

"பால்தான் புள்ள."

அவள் நிம்மதியாக உடுப்பு மாற்றப் போவாள்.

அப்படியிருக்க, கனடா அலுவல் சரிவந்தது. தாயும் பிள்ளையும் போக வேண்டும், வீட்டை வாடகைக்கு விட வேண்டும் என்று பேச்சு. "அக்கா, நீங்க ஆரையம்பதியில மாமி வீட்ட இரிங்க. நாங்க வந்து வந்து பாப்பம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள், அவளில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மாமி வீட்டு அடுப்படி மாமியின் மகளுடையது. அங்கே நான் வெங்காயம் உரித்துக் கொடுக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. பிள்ளை இல்லாத விடியலில் எதற்கு எழும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வீடும் என்னுடையதில்லை, பிள்ளையும் என்னுடையதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் யாரோ பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை இழுத்துக்கொண்டு கிடந்தது. "இந்தப் புள்ளையோட எப்பிடி அக்கா பிளேன்ல போற?" என்று சுலோஜனா பயணத்தைத் தள்ளிப்போட்டாள். நான் கேட்க முடியாததை அந்த பிஸ்கட் கேட்டுக் கொடுத்தது.

பிறகுதான் சொதியில் முதற்பாலுக்குப் பதிலாகப் பால்மாவைக் கரைத்து விட்டேன். தேங்காய் விலை ஏறியிருந்தது, மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தேன். இல்லை, அது சரியில்லை. எங்கள் வளவிலேயே தென்னை நிற்கிறது. கொஞ்சமாகத்தான் விட்டேன். அளவு தெரியாமல் சமைக்கிறவள் இல்லை நான். தடிப்பு வரும், இழுக்கும், மடியில் போட்டுக்கொண்டு நெஞ்சைத் தடவிவிடுவேன். "பெரியம்மா, போகாதீங்க" என்று முனகும். பயணம் பிந்தும். சுகமானதும் மறுபடி திகதி வைப்பார்கள், மறுபடி நானும் பால்மாவை எடுப்பேன். சுலோஜனா சட்டியைத் திறந்து கேட்காத நாள் இல்லை. பால்தான் என்றேன். பால்மாவும் பால்தானே, ஐயா. என் வாயில் ஒருநாளும் பொய் வந்ததில்லை.

கடைசியில் சதீசன் பொறுமை இழந்துவிட்டார். டிக்கெட் போட்டாயிற்று, இழுத்தாலும் மருந்தைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வா என்றார். கொஞ்சம் போதாது என்று ஆகிவிட்டது. என்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது அவர்தான், ஆனாலும் நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பயணத்துக்கு முந்தின கிழமை நல்ல எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கி, கட்டியில்லாமல் அடித்துச் சொதியில் விட்டேன். நிறமும் தடிப்பும் அப்படியே முதற்பால் விட்டதுபோல வந்தது.

"பெரியம்மா, இண்டைக்குச் சொதி புளிக்குது."

"தேசிக்காய் கூடிட்டு. தின்னு கிளி."

தேசிக்காயும் விட்டிருந்தேன், அதுவும் பொய்யில்லை. பிள்ளை வாயைத் திறந்தது. நான் தீத்தினால் அது எதையும் வேண்டாம் என்று சொல்லாது. கடைசி வாயோடு, "தொண்ட கடிக்குது பெரியம்மா" என்றது. உதடு வீங்கியது. சட்டியைக் கழுவிவிட்டா ஓட்டோ பிடித்தாய் என்று கேட்டீர்கள். ஓம், கழுவிவிட்டுத்தான். சமைத்த சட்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே போகும் பழக்கம் எனக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது என் சேலையைப் பிடித்திருந்த பிள்ளையின் கை விட்டுவிட்டது. கொஞ்சம் இழுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், இவ்வளவு இல்லை.

நீங்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் பொலிசுக்கு வந்தேன். தன் கைப்பையில் கிடந்த பால் டொபியைப் பிள்ளை எடுத்துத் தின்றுவிட்டது என்று சுலோஜனா தலையில் அடித்துக்கொண்டு கிடக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. என் அடுப்படியில் நடந்ததற்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்? டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவள் இனி எங்கும் போகமாட்டாள், அவளுக்கும் யாராவது சமைத்துப் போட வேண்டும்.

மூன்றாம் நாள் குழிக்குப் பால் தெளிக்க வேண்டும் என்று ஒருவர் பசுப்பால் கொண்டுவந்தார். சுலோஜனா செம்பைத் தட்டிவிட்டாள். "என்ர புள்ளைக்கு இது ஒத்துக்காது. அக்கா, நீங்க பிழிஞ்சு தாங்க" என்றாள். நான் முற்றிய தேங்காயாகப் பார்த்து எடுத்து, துருவி, முதற்பாலை மட்டும் பிழிந்து கொண்டுபோனேன். மண்ணில் ஊற்ற முன்னம் அவள் செம்புக்குள் பார்த்தாள்.

"பால்தானே அக்கா?"

"பால்தான் புள்ள" என்றேன். அன்றைக்கு அது தேங்காய்ப்பால்தான், ஐயா.