யோசியா ராஜாவின் சுத்தியல்

நாடக மேடையில் உடைய வேண்டிய பொருளைச் செய்வதுதான் கஷ்டம். உடையாமல் நிற்க வேண்டியதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். சபைக் குழுவினர் விளக்கம் கேட்டபோது நான் இங்கிருந்துதான் தொடங்கினேன். அவர்களுக்குப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் தமிழ் ஜெபக் கூட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு மாட்டுத்தொழுவக் காட்சி வேண்டாம், பழைய ஏற்பாட்டிலிருந்து ஏதாவது போடலாம் என்று முடிவாயிற்று. யோசியாவைச் சொன்னது நான். யூதாவின் ராஜா. ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது கர்த்தரின் சட்டம் எழுதிய ஒரு பழைய நியாயப்பிரமாணச் சுருள் கிடைக்கிறது. வாசிக்கக் கேட்டதும், இத்தனை நாள் அதை மீறி வாழ்ந்துவிட்டோமே என்று ராஜா உடையைக் கிழித்துக்கொள்கிறான். பாகால் என்கிற அந்நிய தெய்வத்தின் சிலைகளை நொறுக்கி, எரித்து, சாம்பலைப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறான். கடல் கடந்து வந்து நாங்கள் குடியிருந்த செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளுக்குக் கீழேயே டான் ஆற்றுப் பள்ளத்தாக்கு கிடந்ததால், பின்திரை வரைய நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்தில் ராஜாக் குரல் உள்ள ஆள் இல்லை. அதனால் என் தளத்திலேயே குடியிருந்த இன்ஜினீயர் தட்சிணாமூர்த்தியைக் கேட்டேன்.

“என்னண்ணே, திருநீறு பூசுறவனைக் கூப்பிட்டு விக்கிரகத்தை உடைன்னு சொல்றீங்க!”

“வேஷம்தானே, தம்பி.”

“அப்ப அந்தப் பாகாலுக்கு நம்மூர் ஜாடை வராமப் பாத்துக்குங்க. கல்யாணி அப்புறம் என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா.”

உள்ளேயிருந்து அவர் மனைவி கல்யாணி, “ராஜாவாம் ராஜா. வீட்டுல ஒரு பல்பு மாத்தத் தெரியாது” என்றாள்.

கம்பி வலையிலும் செய்தித்தாளிலும் நான் செய்த முதல் பாகாலை ஒத்திகையில் தட்சிணாமூர்த்தி அடித்தபோது மரச்சுத்தியல் எகிறி வந்தது. ஆசாரியன் வேஷம் போட்ட யாழ்ப்பாணத்துக்காரர் ரகுநாதன், “அண்ணை, உது பாகாலோ பனிமனிசனோ? மூக்குக்கு ஒரு கரட் குத்திவிடுங்கோ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் மனம் புண்பட்டுத்தான் நான் இப்படிச் செய்தேன் என்று குழுவில் ஒருவர் சொன்னது சரியல்ல.

அந்த மாதம் தட்சிணாமூர்த்தி குடும்பம் நகருக்கு வெளியே அஜின்கோர்ட்டில் வீடு வாங்கிக் குடிபோயிற்று. போகும்போது கல்யாணி ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். உள்ளே அவளுடைய பிள்ளையார். மாக்கல்லில் செய்தது. கும்பகோணத்திலிருந்து விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவள் வீடுதான் கோயில்.

“பெயின்ட் வேலை முடியிற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்ணே. டிரக்குல போட மனசு வரல. உங்க வீட்டுல பத்திரமா இருக்கும்.”

அவள் அப்படி நம்பியதில் ஆச்சரியமில்லை. என் மனைவி சாந்தா புற்றுநோயில் இறந்தபின், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குச் சாப்பாடும் சுண்டலும் கொடுத்தனுப்பியவள் கல்யாணிதான். சுண்டல் சாமிக்குப் படைத்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் சாப்பிடலாம் என்று வேதத்தில் அப்போஸ்தலரே அனுமதித்திருக்கிறார்.

சிலையில் கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் பெட்டியைத் திறந்தேன். பிள்ளையார் இடுப்பில் ஒரு சின்னப் பட்டுத்துணி கட்டியிருந்தது. சாந்தாவின் கல்யாணப் புடவைக் கரை. ஓரத்தில் அவள் போடும் சங்கிலித் தையல். கடைசி மாதங்களில் ஊசி பிடிக்க விரல் வரவில்லை என்று சொல்லி, என் சட்டைப் பொத்தான்களை அவள் தைத்துத் தரவில்லை.

கல்யாணியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஆமாண்ணே, அக்கா கடைசி மாசங்கள்ல தச்சதுதான். வெள்ளிக்கிழமை நீங்க ஆபீஸ் போனப்புறம் வருவாங்க. ரொம்ப நேரம் பேசிட்டிருப்பாங்க.”

“உன்கிட்டயா?”

“இல்லண்ணே, புள்ளையார்கிட்ட. நான் அடுப்படிக்குப் போயிடுவேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?”

“தெரியும்” என்றேன்.

நோயில் கிடந்த சாந்தாவுக்குத் தினமும் சாயங்காலம் நான் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பேன். முடிந்ததும் ஆமென் சொல்வாள். ஏதாவது சொல்லணுமா என்று கேட்டால், “ஒண்ணுமில்லீங்க” என்பாள். அதை நான் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

யோசியாவின் கதையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விக்கிரகங்கள் ஊருக்கு வெளியே மட்டும் இருக்கவில்லை. ஆலயத்துக்குள்ளேயே இருந்தன. அங்கேயே உட்கார்ந்து பெண்கள் அவற்றுக்குத் துணி நெய்தார்கள். இதைக் குழுவுக்கும் எடுத்துச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

வெறும் பிளாஸ்டர் உடைந்தால் ஓசை வராது, உள்ளே கனமாக ஒன்று வேண்டும். பிள்ளையாரை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் பிளாஸ்டரை அப்பி, கொம்பு வைத்துப் பாகாலாக்கினேன். அந்தத் துணியை முதலில் அவிழ்த்து வைத்துக்கொண்டேன். மரச்சுத்தியலுக்குப் பதில் என்னுடைய இரும்புச் சுத்தியலைக் கொடுத்தேன். “ஓங்கி அடிங்க தம்பி, கடைசி வரிசைக்குக் கேக்கணும்” என்றேன்.

தட்சிணாமூர்த்தி அன்று பிரமாதமாக நடித்தார். முதல் அடியில் பிளாஸ்டர் உதிர்ந்தது. இரண்டாவது அடிக்குக் கை இறங்கும்போதுதான் அவர் தும்பிக்கையைப் பார்த்தார். நிறுத்தியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாக்கல் மிருதுவான கல். ஓசை கடைசி வரிசை வரை கேட்டது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் கல்யாணியும் தட்டினாள், துண்டுகளைப் பார்க்கும் வரை.

பிறகு மேடையேறி முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக முந்தானையில் பொறுக்கினாள். தட்சிணாமூர்த்தி கிரீடத்தோடு அப்படியே நின்றார். நான் திரையை இறக்கினேன்.

குழுவினர் நல்லவர்கள். பெட்டி தவறுதலாக மாறிவிட்டதா என்று கேட்டு எனக்கு வழி காட்டினார்கள். இல்லை, தெரிந்தேதான் வைத்தேன், தட்சிணாமூர்த்தி கையாலேயே உடைய வேண்டும் என்றுதான் சுத்தியலை மாற்றினேன் என்றேன். சீர்திருத்தம் அரைகுறையாக நடக்கக் கூடாது. வீட்டை ஆள்கிறவன் கையால் நடக்க வேண்டும்.

மறுவாரம் அஜின்கோர்ட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கல்யாணி கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அவ என்ன பேசினான்னு மட்டும் சொல்லு, கல்யாணி.”

“நான் கேட்டதில்ல” என்றாள். “அக்கா சொன்னதெல்லாம் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவரைத்தான் என் வீட்டுக்காரர் கையாலயே ஒடைச்சுட்டீங்களே.”

கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே தட்சிணாமூர்த்தி யாரென்று கேட்டது காதில் விழுந்தது.

கல்லுக்குக் காது கேட்காது என்பது எனக்குச் சிறுவயதிலேயே மனப்பாடம். ஆனாலும் நாடகத்தன்று இரவு கூடத்தைக் கூட்டிப் பெருக்கும்போது, மேடைக்கு அடியில் உருண்டு கிடந்த பிள்ளையாரின் இடது காதை எடுத்துவந்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கொடுப்பேன். இப்போதைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அதைச் சாந்தாவின் பட்டுத்துணிமேல் வைத்து, எதிரே உட்கார்ந்து, அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறேன். இருட்டிவிட்டால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்கிறேன். இதை வணக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. நான் விசாரிக்கிறேன்.